படுத்திருப்பவருக்குப் படம் காட்டுவது: எஃப்.எம்.ஆர்.ஐ. சோதனையில் திரை, கண்ணாடி, கணக்கு

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு படத்தைக் காட்ட, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தால் போதும். அதே ஆள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் மல்லாந்து படுத்திருக்கிறார் என்று வையுங்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய். மூக்குக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் கூரை. தலையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூண்டு. காதில் அடைப்பான், அதையும் மீறிக் கேட்கும் தடதடப்பு. தலையை அசைக்கக் கூடாது, எழுந்து பார்க்கவும் வழியில்லை. லேப்டாப்பை அந்த அறைக்குள் கொண்டுபோகவே விடமாட்டார்கள். இந்த நிலையில் இருப்பவரின் கண்ணுக்கு நாம் நினைத்த படம், நினைத்த அளவில், நினைத்த நொடியில் போய்ச் சேர வேண்டும். அதற்கான ஏற்பாடு என்ன, அது எங்கெங்கே பிசகும் என்பதைப் பார்க்கலாம்.

எதற்காக இந்தப் பாடு? மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இந்த வேறுபாட்டை ஸ்கேனில் பார்க்கலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா எலிகளில் காட்டினார். 1992-இல் மனிதர்களிடமும் செய்து காட்டினார்கள். மூளை வேலை செய்வதை இப்படி எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் பார்ப்பதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ. அந்த முதல் சோதனைகளில் ஒன்று ஒளியை மின்னவைத்துப் பின்மண்டைப் பகுதி தூண்டப்படுவதைப் பார்த்ததுதான். கண்ணுக்குக் காட்டுவது எஃப்.எம்.ஆர்.ஐ. பிறந்த நாளிலிருந்தே அதன் கூடப்பிறப்பு.

கிடைக்கும் மாற்றமோ சொற்பம். கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் மின்னும்போது பார்வைப் பகுதியில் சிக்னல் சுமார் 1 முதல் 3 சதவீதம்தான் ஏறும். அதுவும் உடனே ஏறாது. படம் வந்து 5, 6 விநாடி கழித்து உச்சத்துக்கு வந்து, மெல்ல இறங்கும். இயந்திரத்துக்குத் தெரிவது இந்த ஏற்ற இறக்கம் மட்டுமே. ஆள் எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார் என்பது அதற்குத் தெரியாது. நாம் எழுதிக் கொடுக்கும் நேர அட்டவணையை அது அப்படியே நம்புகிறது. திரையில் நேர்ந்த பிழை, முடிவில் மூளையின் தன்மைபோல வேஷம் போட்டு வந்து நிற்கும். ஆகவே ஸ்கேனர் பற்றிப் படிக்கிற அளவுக்குத் திரையைப் பற்றியும் படிக்க வேண்டும். பலர் படிப்பதில்லை.

சேலத்திலிருந்து இப்படியொரு சோதனை செய்ய நினைக்கும் மாணவருக்கு இது இன்னும் முக்கியம். ஊரில் உள்ள ஸ்கேன் மையங்கள் நோயாளிகளுக்கானவை. முதுகுத்தண்டையும் முழங்காலையும் படமெடுக்கப் புரொஜெக்டர் எதற்கு? ஆய்வுக்கான ஏற்பாட்டைத் தேடிப் போவதென்றால் பெங்களூரே 200 கிலோமீட்டர். அங்கே ஸ்கேனர் நேரம் மணிக்கணக்கில் ஒதுக்கப்படும். ராத்திரி பஸ் ஏறிப் போய், படம் இடவலம் மாறித் தெரிகிறது என்று அங்கே கண்டுபிடித்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். கீழே சொல்லப்போகிற சோதனைகளில் பெரும்பாலானவற்றை சேலத்தில் ஒரு பெஞ்சும் லேப்டாப்பும் கண்ணாடித் துண்டும் வைத்துக்கொண்டு முன்கூட்டியே செய்துவிடலாம்.

காந்தம் விடாது

பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஆய்வு ஸ்கேனர் பெரும்பாலும் 3 டெஸ்லா. அதாவது ஏறத்தாழ 75,000 மடங்கு. இது திரவ ஹீலியத்தில் குளிரவைத்த மீக்கடத்திச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தால் வருவது. ஸ்கேன் நடக்காத நேரத்திலும், நள்ளிரவிலும், கரன்ட் போனாலும் காந்தம் அப்படியே இருக்கும். 'மெஷின் ஆஃப்ல தானே இருக்கு' என்று உள்ளே நுழைவதுதான் விபத்தின் முதல் படி.

எது ஒட்டும், எது ஒட்டாது என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சேலத்து வெள்ளைக்கல் மாக்னசைட் காந்தத்தில் ஒட்டாது. கஞ்சமலை இரும்புத்தாது மாக்னடைட் ஒட்டும். உருக்கும் அப்படித்தான். 304 ரக எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்பார்கள். அந்தத் தகட்டை மடக்கி விளிம்பு கட்டிய இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், லேசாக இழுக்கும். வளைக்கும்போதும் அடிக்கும்போதும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறுவதால் இது நடக்கிறது. 430 ரகமோ நேராகவே ஒட்டும். எனவே திரைக்கு ஸ்டாண்டு, கண்ணாடிக்குப் பிடிப்பான் செய்ய ஆசைப்பட்டால் எவர்சில்வர் திருகு வேண்டாம். அக்ரிலிக், நைலான் திருகு, மரம் இவையே நல்லது. அதையும் அந்த மையத்தின் டெக்னீஷியன் பார்த்துச் சரி சொன்ன பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும்.

சாதாரணப் புரொஜெக்டரை அறைக்குள் வைக்க முடியாததற்கு இழுவிசை ஒரு காரணம். இன்னொரு காரணம் ரேடியோ இரைச்சல். 3 டெஸ்லா ஸ்கேனர் சுமார் 128 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. நம் எஃப்.எம். ரேடியோவின் 88 முதல் 108-ஐத் தாண்டி அடுத்த தெருதான். மூளையிலிருந்து வரும் சிக்னல் மிகப் பலவீனமானது என்பதால் அறை முழுக்கச் செப்புத் தகட்டால் போர்த்தியிருப்பார்கள். அறைக்குள் ஒரு கணினி ஓடினால் அதன் மின்சுற்றே சின்ன ரேடியோ நிலையமாகி, ஸ்கேன் படத்தில் ஜிப் வைத்துத் தைத்தாற்போல ஒரு கோடு விழும்.

ஒளி போகும் பாதை

புரொஜெக்டர் அறைக்கு வெளியே. சுவரில் ஒரு உலோகக் குழாய் பதித்திருப்பார்கள். அதன் வழியாக ஒளி மட்டும் உள்ளே போகும். 128 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2.3 மீட்டர். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அது நுழைந்து போக முடியாது, போகப் போகத் தேய்ந்துவிடும். ஒளிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அதே குழாய்க்குள் ஒரு செப்புக் கம்பியை விட்டுவிட்டால் கதை முடிந்தது. கம்பி ஆன்டெனாவாகி வெளி இரைச்சலை உள்ளே அழைத்துவரும். 'ஒரு நீட்டு யூ.எஸ்.பி. வயரை அப்படியே விட்டுடலாமே' என்ற யோசனை யாருக்காவது வந்தே தீரும். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல அழுத்தும் பட்டன் பெட்டிகள் ஒளியிழையில் வேலை செய்வது இதனால்தான்.

புரொஜெக்டருக்கும் திரைக்கும் பல மீட்டர் இடைவெளி இருப்பதால் தூரத்துக்கான லென்ஸ் வேண்டும். மெனுவில் மூன்றை அணைத்துவிட வேண்டும். முதலாவது, சாய்வைச் சரிசெய்யும் கீஸ்டோன். அது பிக்சல்களைப் பிசைந்து நுண்ணிய கட்டங்களை மங்கலாக்கும். கருவியையே நேராக வைப்பதுதான் வழி. இரண்டாவது, படத்துக்குப் படம் வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட். மூன்றாவது, சிக்கன மோடு.

ஒளி விழுவது குழாயின் தலைப்பக்க வாயில் நிற்கும் பால்நிற அக்ரிலிக் திரையில். புரொஜெக்டர் பின்னாலிருந்து அடிக்கும், ஆள் முன்னாலிருந்து பார்ப்பார். ஆனால் அவர் கண் கூரையை அல்லவா பார்க்கிறது? அதனால் தலைக் கூண்டின் மேல், கண்ணுக்கு நேரே, 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. பார்வை மேலே போய், கண்ணாடியில் மோதி, உச்சந்தலைப் பக்கம் திரும்பித் திரையில் விழும். சில மையங்களில் புரொஜெக்டருக்குப் பதிலாக ஸ்கேனர் அறைக்கென்றே செய்த எல்.சி.டி. திரை இருக்கும். வசதிதான், ஆனால் அடுத்துச் சொல்லும் இடவல விஷயம் அங்கே தலைகீழாகும்.

கண்ணாடி எந்த வகை என்பதைப் பலர் கேட்பதே இல்லை. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. முன்னாலுள்ள கண்ணாடிப் பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்புவதால் சாய்வாகப் பார்க்கும்போது படத்தோடு ஒட்டி ஒரு மங்கலான நகல் தெரியும். நமக்கு வேண்டியது முன்பக்கமே பூச்சுள்ள கண்ணாடி. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு குச்சியின் நுனியைக் கண்ணாடியில் மெதுவாகத் தொடுங்கள். நுனிக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையே சந்து தெரிந்தால் பின்பூச்சு. நுனியும் நுனியும் முத்தமிட்டால் முன்பூச்சு. ஒத்திகைக்குப் பழைய ஜெராக்ஸ் மெஷினைப் பிரிக்கும் கடையில் கேளுங்கள், உள்ளே நீளநீளமாக இருப்பவை இந்த வகைதான். விரல் படாமல் வாங்குங்கள். பூச்சு வெளியே இருப்பதால் துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறிவிடும்.

'ட' சோதனை

ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்தை ஏன் திருப்பி எழுதுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே கணக்கு. ஒற்றைக் கண்ணாடி வழியாகத் தலைப்பக்கத் திரையைப் பார்ப்பவருக்கு மேல் கீழ் சரியாக இருக்கும், இடவலம் மாறும். பின்னாலிருந்து அடிக்கும் புரொஜெக்டரிலோ திரையைத் தாண்டி முன்னால் வரும்போதே படம் ஒருமுறை இடவலம் மாறிவிடுகிறது. கண்ணாடி அதை மறுபடி மாற்றி நேராக்கிவிடும். ஆகவே புரொஜெக்டரில் எந்தத் திருப்பலும் வேண்டாம். எல்.சி.டி. திரை என்றால் ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கிறது, எனவே மென்பொருளில் இடவலம் திருப்ப வேண்டும். திரை கால்பக்கம் இருந்து ஒற்றைக் கண்ணாடியில் பார்த்தால் இடவலம் சரியாக இருக்கும், மேல் கீழ் கவிழ்ந்திருக்கும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திரையில் பெரிதாக ஒரு 'ட' போடுங்கள். அது இடவலம் மாறினாலும், மேல் கீழ் மாறினாலும், அரைச் சுற்று சுழன்று கவிழ்ந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கும். 'ப' போட்டால் ஏமாந்துவிடுவீர்கள், அது இடவலம் மாறினாலும் 'ப'தான். மனித முகம், சதுரங்கக் கட்டம் இவற்றுக்கும் இதே குறை. பார்ப்பவருக்கு எதுவும் தப்பாகத் தோன்றாது.

தப்பினால் என்ன ஆகும்? பார்வைப்புலத்தின் இடப்பாதி வலது மூளைக்குப் போகிறது, வலப்பாதி இடது மூளைக்கு. 'இடப்பக்கம் கட்டம்' என்று அட்டவணையில் எழுதி, கண்ணுக்கு அது வலப்பக்கம் போயிருந்தால், முடிவில் இடது மூளை ஒளிரும். புதிய கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்கு முன் கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க, பெஞ்சில் மல்லாந்து படுத்து, தலைக்குப் பின்னால் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, கண்ணாடித் துண்டை முகத்துக்கு மேல் சாய்த்துப் பிடித்தால் போதும். லேப்டாப் எல்.சி.டி. போலத்தான், 'ட' திரும்பித் தெரிய வேண்டும். தெரிந்தால் உங்கள் மென்பொருளின் திருப்பும் கட்டளையை அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். கூடவே திரையின் நான்கு மூலையிலும் எண்களைப் போட்டுப் படுத்திருப்பவரையே படிக்கச் சொல்லுங்கள். தலைக் கூண்டின் கம்பியும் குழாயின் விளிம்பும் கீழ் மூலைகளை மறைப்பது அடிக்கடி நடக்கும். மறைந்த பகுதியில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது.

சென்டிமீட்டரை விடுங்கள், டிகிரி சொல்லுங்கள்

கண்ணுக்குப் படம் எவ்வளவு பெரிது என்பது அதன் அகலமும் தூரமும் சேர்ந்த கணக்கு. ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று மலைப்பாதையைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஊர்ந்துபோகும் 10 மீட்டர் பேருந்து கண்ணில் பிடிக்கும் கோணம் சுமார் 0.57 டிகிரி, முழுநிலா பிடிப்பது சுமார் 0.5. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி. '8 சென்டிமீட்டர் படம் காட்டினோம்' என்று எழுதினால் வேறு ஸ்கேனரில் யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. '4 டிகிரி' என்று எழுதினால் முடியும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கண்ணிலிருந்து கண்ணாடி வரை, அங்கிருந்து திரை வரை இரண்டையும் கூட்டினால் 120 சென்டிமீட்டர் என்று வையுங்கள். திரையில் படத்தின் அகலம் 40 சென்டிமீட்டர், குறுக்கே 1920 பிக்சல். 120 சென்டிமீட்டர் தூரத்தில் 1 டிகிரி என்பது சுமார் 2.1 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 48 பிக்சல். ஆக 1 டிகிரிக்குச் சுமார் 100 பிக்சல், முழுத் திரையும் ஏறத்தாழ 19 டிகிரி. வீட்டு மேசையில் 57 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் 1 சென்டிமீட்டர் ஏறக்குறைய 1 டிகிரி. ஒத்திகைக்கு அந்தத் தூரம் வசதி. தூரத்தை அளக்கும்போது கண்ணாடிவரை மட்டும் அளந்துவிட்டு மீதியை மறப்பது வழக்கமான பிழை. அளவுநாடா உலோகமாக இருக்கக் கூடாது. தையல்காரர் நாடாவை எடுத்துப் போங்கள், நுனியிலுள்ள தகட்டை வெட்டிவிட்டு.

நடுச்சாம்பல் நடுவில் இல்லை

மென்பொருளில் கறுப்பு 0, வெள்ளை 255. அப்படியானால் 128 பாதி வெளிச்சமா? இல்லை. வழக்கமான திரையில் அது சுமார் 22 சதவீத ஒளிதான் தரும், ஏனென்றால் திரையின் ஒளி எண்ணோடு நேராக ஏறாமல், எண்ணின் 2.2 அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் சராசரியோ 50 சதவீதம். கட்டத்துக்கும் ஓய்வுத் திரைக்கும் மாறி மாறிப் போகும் சோதனையில் ஓய்வுக்கு 128 போட்டால், கட்டம் வரும்போதெல்லாம் மொத்த வெளிச்சமும் இரட்டிப்பாகிவிடும். மூளை கட்டத்துக்குப் பதில் சொன்னதா, வெளிச்சத்துக்கா? பிரிக்க முடியாது. பாதி ஒளிக்கான எண் சுமார் 186.

ஒளிமானி இருந்தால் அளக்கலாம். இல்லாவிட்டால் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று பொடிக்கட்டம் ஒன்றையும் பக்கத்தில் ஒரே சாம்பல் சதுரம் ஒன்றையும் போட்டு, தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சாம்பலின் எண்ணை மாற்றிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒன்றாகக் கலக்கும் இடம் வரும். அதுதான் அந்தத் திரையின் பாதி. இதை ஸ்கேனரின் திரையில் மறுபடி செய்ய வேண்டும், வீட்டு எண் அங்கே செல்லாது.

நேரம்

ஸ்கேனர் மூளையின் ஒவ்வொரு முழுப் படத்தையும் எடுக்கத் தொடங்கும்போது ஒரு மின்துடிப்பு அனுப்பும். இதை ட்ரிகர் என்பார்கள். ஒரு சின்னப் பெட்டி அதை வாங்கி, யாரோ விசைப்பலகையில் 5 என்ற சாவியை அழுத்தியதுபோலக் கணினிக்குக் கொடுக்கும். சில இடங்களில் வேறு எழுத்து. நம் நிரல் முதல் துடிப்புக்காகக் காத்திருந்து, அது வந்ததும் கடிகாரத்தைப் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். சிக்னல் நிலைப்பட ஆரம்பத்தில் எடுத்து வீசப்படும் சில படங்களுக்கும் துடிப்பு வருமா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். டெக்னீஷியனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஸ்கேனர் 2 விநாடிக்கு ஒரு படம் எடுக்கிறது என்றால், 4 படம் பிசகினால் 8 விநாடி போயிற்று.

பிறகு நிரல். இலவசமாகக் கிடைக்கும் சைக்கோபை என்ற சோதனை மென்பொருள் தொடங்குபவருக்குப் போதும். எதில் எழுதினாலும் ஒரே ஒரு தவறு மீண்டும் மீண்டும் வரும்: 'படத்தைக் காட்டு, 2 விநாடி காத்திரு, அடுத்ததைக் காட்டு' என்று எழுதுவது. படத்தை வட்டிலிருந்து எடுக்கவும் வரையவும் ஆகும் நேரம் அந்த 2 விநாடியில் சேரவில்லை. தடவைக்கு 20 மில்லிவிநாடி என்று வைத்தால் 200 தடவையில் 4 விநாடி பின்தங்கிவிடும். மூளையின் பதில் 5, 6 விநாடியில் உச்சத்துக்கு வருகிறது. 4 விநாடி தவறினால் ஏற்றத்தை இறக்கம் என்று படிப்போம். சரியான முறை, ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்ட நேரத்தைக் கொடுத்து, 'கடிகாரம் 40.0 ஆகும்வரை காத்திரு' என்று எழுதுவது. அப்போது ஒரு தடவை தாமதித்தாலும் அடுத்தது பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு ஃபிரேம் (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரம்) தவறினால், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லிவிநாடி, இந்த மெதுவான சிக்னலுக்குக் குடிமுழுகாது. சேர்ந்துகொண்டே போகும் தாமதம்தான் குடி கெடுக்கும்.

கட்டம் மின்னும் வேகத்திலும் ஒரு பொறி உண்டு. புத்தகங்கள் 8 ஹெர்ட்ஸ் என்கின்றன. விநாடிக்கு 8 முறை நிறம் மாற்றச் சொன்னால் 60 ஃபிரேமை 8-ஆல் வகுக்க 7.5 வருகிறது. அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது, திரை 7, 8 என்று மாறி மாறித் தட்டுத்தடுமாறும். 8 ஃபிரேமுக்கு ஒருமுறை மாற்றுங்கள், 7.5 ஆகும், யாருக்கும் நட்டமில்லை. வலிப்பு வந்த வரலாறு உள்ளவரை மின்னும் படத்தின் பக்கமே விடக் கூடாது.

திரையின் தாமதத்தை அளக்கப் போனின் ஸ்லோமோஷன் போதும். 240 ஃபிரேம் எடுக்கும் கேமரா என்றால் ஃபிரேமுக்குச் சுமார் 4.2 மில்லிவிநாடி. சாவி அழுந்துவதும் திரை மாறுவதும் ஒரே காட்சியில் வரும்படி எடுத்து, இடையில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 12 வந்தால் 50 மில்லிவிநாடி. அது எப்போதும் அதே 12 என்றால் கவலை இல்லை.

கணினி தூங்கப் போவது, அப்டேட் கேட்டு நடுவில் ஒரு பெட்டி எழும்புவது, வாட்ஸ்அப் அறிவிப்பு மூலையில் எட்டிப்பார்ப்பது இவை பற்றி விளக்க ஒன்றுமில்லை. இணையத்தைத் துண்டித்துவிடுங்கள்.

சேலம், சலேம் ஆகும் இடம்

தமிழ்ச் சொற்களைக் காட்டும் சோதனைகளுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை. கணினி 'சே' என்பதை முதலில் ச, பிறகு இரட்டைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறது. கொம்பை எடுத்து முன்னால் வைப்பது எழுத்துரு இயந்திரத்தின் வேலை. சோதனை மென்பொருள்கள் சிலவற்றில் அந்த வேலை நடப்பதில்லை. கொம்பு ச-வைத் தாண்டி நின்று அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். 'சேலம்' என்று தட்டச்சு செய்தது திரையில் 'சலேம்' என்று நிற்கும். இதோடு மல்லாடாதீர்கள். சொற்களை எல்லாம் வேறொரு செயலியில் எழுதி, ஒவ்வொன்றையும் படக் கோப்பாகச் சேமித்து, படமாகவே காட்டுங்கள். எழுத்தின் உயரம் எத்தனை டிகிரி என்பதும் அப்போது நம் கையில் இருக்கும். சொல்லின் அகலத்தையும் பாருங்கள். 'பல்' ஒரே பார்வையில் முடியும், 'கொண்டைக்கடலை' கண்ணை நகர்த்தும். அந்த நகர்வே மூளையில் தனிப் பதிலை எழுப்பும்.

உள்ளே போகும் ஆள்

மையத்தின் பாதுகாப்புப் படிவம்தான் கடைசி வார்த்தை. ஆனால் அந்தப் படிவங்கள் பல ஊர்களுக்குப் பொதுவாக எழுதப்பட்டவை. நம் ஊர் உடம்பில் இருப்பவற்றை நாமே கேட்டாக வேண்டும். 'நகை எல்லாம் கழட்டியாச்சா?' என்றால் 'ஆச்சுங்க' என்பார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருப்பதை நகை என்றே பலர் நினைப்பதில்லை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாதுதான். ஆனால் உடம்பைச் சுற்றிய உலோக வளையத்தில் ஸ்கேனரின் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டும், தோல் சுடும். கயிறு என்றால் அதில் கோத்த தாயத்தைக் கேளுங்கள். கொலுசு, மெட்டி, ஊக்கு, ஹேர்பின். செவ்வாய்ப்பேட்டையில் செய்த கொலுசு அசல் வெள்ளியாகவே இருந்தாலும் அதன் திருகாணி என்ன உலோகம் என்று யார் கண்டது? ஜரிகை போட்ட துணியும் உலோக நூல்தான். பருத்தி அங்கிக்கு மாறச் சொல்லுங்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்குபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். அன்று காலையில் சொல்வது அவர்களுக்கும் சங்கடம்.

கண்மை, மஸ்காரா வேண்டாம். அவற்றின் கறுப்பில் இரும்பு ஆக்சைடு இருக்கக்கூடும். கண்ணைச் சுற்றிப் படத்தைக் குலைக்கும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: 'லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை எப்பவாவது பார்த்திருக்கீங்களாண்ணா? கண்ணுல தூள் விழுந்திருக்கா?' பட்டறைகள் நிறைந்த ஊரில் இதற்கு ஆமாம் என்று பதில் வருவது அபூர்வமல்ல. கண்ணில் தங்கிய இரும்புத் துகள் அந்தக் காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

மூக்குக்கண்ணாடியோடு உள்ளே போக முடியாது. மையங்களில் பிளாஸ்டிக் சட்டமும் மாற்றிப் பொருத்தும் லென்ஸ்களும் வைத்திருப்பார்கள். 120 சென்டிமீட்டர் தூரத் திரைக்கு, கிட்டப்பார்வை மைனஸ் 0.75 வரை உள்ளவருக்கு லென்ஸே தேவையில்லை. மைனஸ் 3 உள்ளவரைக் கண்ணாடி இல்லாமல் படுக்கவைத்துச் சொல் படிக்கச் சொன்னால் அவர் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார்.

அறிவுறுத்தலை வெளியிலேயே, அவர் பேசும் தமிழில், ஒருமுறை செய்து காட்டிச் சொல்லுங்கள். 'நடுவுல ஒரு புள்ளி இருக்கும்மா, அதையே பார்த்துக்கிட்டு இருங்க. புள்ளி பச்சையா மாறுனா ஆள்காட்டி விரல் பட்டனை அமுக்குங்க. வேற எதுக்கும் அமுக்க வேண்டாம்.' புள்ளியின் வேலை இரண்டு. கண் அலையாமல் பிடித்து நிறுத்துவது ஒன்று. மற்றது, ஆள் விழித்திருக்கிறாரா என்று நமக்குச் சொல்வது. ஒரே தாளத்தில் தடதடக்கும் இருட்டுக் குழாயில் தூக்கம் நன்றாக வரும். பச்சைப் புள்ளிகளில் பாதிக்குமேல் பதில் இல்லையென்றால் அந்தச் சுற்றின் தரவை நான் நம்பச் சொல்லமாட்டேன். பட்டன் பெட்டி அனுப்பும் எண்களும் ட்ரிகரின் 5-உம் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஐந்தாவது பட்டனும் 5 என்றே வந்தால், அவர் விரல் பட்டதும் நிரல் அதை ஸ்கேனர் என்று நினைத்துவிடும்.

படுக்கை உள்ளே போன பிறகு கண்ணாடியை மறுபடி சரிசெய்ய வேண்டும், வெளியே இருந்தபோது தெரிந்த கோணம் உள்ளே மாறியிருக்கும். பிறகு 'ட', நான்கு மூலை எண்கள், புள்ளி என்ற வரிசையில் இன்டர்காமில் கேட்டுக்கொண்டே போனால் 3 நிமிடத்தில் முடியும்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும், தண்ணீர் கொடுத்துவிட்டு, 'என்ன பார்த்தீங்க?' என்று கேளுங்கள். 'சரியாத் தெரிஞ்சுதா?' என்று கேட்டால் 'தெரிஞ்சுதுங்க' என்றுதான் வரும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல இன்னொண்ணு நிழலாட்டம் தெரிஞ்சுது' என்று ஒருவர் சொல்லக்கூடும். உடனே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் நுனியை வைத்துப் பாருங்கள். குச்சி மரத்தில் இருக்கட்டும்.